அட்வான்ஸ் கொடுத்தால் வீடு நமதா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"சட்டத்தைப் பத்திப் பேசுங்க, ஆனா தூக்கம் வராம பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே நம் எல்லோர் வீட்டிலும் ஒருமுறையாவது வரக்கூடிய விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். மனை வாங்கப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமெண்ட் போடுகிறோம். பிறகு விற்பவர் பத்திரம் முடித்துத் தர மறுக்கிறார். என்ன செய்வது?

"அதான் அக்ரிமெண்ட் இருக்கே சார், கோர்ட்டுக்குப் போனா எழுதிக் கொடுத்துத்தானே ஆகணும்?" என்பார்கள். அங்கேதான் சிக்கல். விற்பனை ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54வது பிரிவு. 'பேசியபடி கிரயம் செய்து கொடு' என்று கேட்கத்தான் அது வழி தருகிறது. அப்படிக் கேட்டுப் போடுவதே ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு. வக்கீல்கள் பாஷையில் 'ஸ்பெசிபிக் பெர்ஃபார்மன்ஸ் சூட்'.

இந்த வழக்கில் எதிராளி வாக்குத் தவறினார் என்று காட்டினால் போதாது. நீ எப்படி நடந்துகொண்டாய் என்று கோர்ட் வாதியைக் கேட்கும். தாம் தொடர்ந்து தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 16வது பிரிவு. தயார் என்பது பண வசதி. விருப்பம் என்பது நடத்தை. பணத்தைக் கட்டுக்கட்டாக மடியில் கட்டிக்கொண்டு அலைய வேண்டாம். திரட்டும் வசதி இருந்ததற்கு பாங்க் கணக்கு போன்ற ஆதாரம் வேண்டும். கெடுவுக்குள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

மதுரை வீடு ஒன்றின் வழக்கைச் சொல்கிறேன். 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், அட்வான்ஸ் 5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவர் இரண்டரை வருடம் பேசாமல் இருந்துவிட்டு 1981ல் நோட்டீஸ் அனுப்பினார். அதற்குள் விலை ஏறிவிட்டது. வழக்குப் போட சட்டம் தரும் மூன்று வருடக் காலம் தாண்டவில்லைதான். ஆனாலும் 1997ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு வீட்டைத் தர மறுத்துவிட்டது. நில விலை அசையாமல் நின்ற காலத்து விதியை, விலை பறக்கும் காலத்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் சாரம். 2011ல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலும் அதே கருத்தை மீண்டும் வலியுறுத்தியது. 'மூணு வருஷம் டைம் இருக்கே' என்று உட்கார்ந்திருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

அந்நாளில் கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்புரிமையாக இருந்தது. 2018 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தம் அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. ஆனால் தயாரும் விருப்பமும் நிரூபிக்கும் கடமை அப்படியே நிற்கிறது.

இனி விற்பவர் பக்கம். நம் ஊர்களில் அவசரத்துக்குக் கடன் வாங்குகிறவரிடம், "சும்மா ஒரு செக்யூரிட்டிக்குத்தாங்க" என்று சொல்லிக் கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் உண்டு. வட்டி நின்றதும் அதே காகிதம் கோர்ட்டில் வந்து நிற்கும். அது கடனுக்காக எழுதியது என்று காட்டும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். எத்தனையோ குடும்பங்கள் இருந்த ஒரே காணியையும் வைத்துக்கொண்டு பல வருடம் கோர்ட் வாசலில் நிற்பது இதனால்தான். கடன் என்றால் கடன் பத்திரமோ அடமானமோ எழுதுங்கள். விற்கும் எண்ணம் இல்லாமல் விற்பதாக எழுதாதீர்கள்.

மாணவர்களுக்காகச் சில குறிப்புகள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் இவ்வகை வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை. ஆனால் பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் தெரியும்; பிற்பாடு அதே சொத்தை வாங்குபவர் 'எனக்குத் தெரியாதே' என்று சொல்ல முடியாது. வழக்குப் போடும்போது, கிரயம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸையாவது திருப்பித் தரும்படி சேர்த்துக் கேளுங்கள். கேட்காத பணத்தைக் கோர்ட் தானாக எடுத்துக் கொடுக்காது. தீர்ப்பு கிடைத்த பிறகும் மீதிப் பணத்தைக் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் ஒப்பந்தமே ரத்தாகலாம்.

வாக்குக் கொடுத்தவர் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், தம் பங்கு வாக்கைத் தேதி தவறாமல் காப்பாற்றியிருக்க வேண்டும். இந்த வழக்குகள் அத்தனையும் கடைசியில் இதைத்தான் கேட்கின்றன.