முதியோரின் மறதியும் நமது கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக!

"அத்தாவுக்கு நினைவு தடுமாறிவிட்டது. இனி அவர் மீது தொழுகை கடமையா? அவர் எழுதிக் கொடுக்கும் பத்திரம் செல்லுமா?" என மார்க்கச் சட்டம் கேட்டுப் பள்ளிவாசலுக்கு வருவோர் உண்டு. அறிவை இழந்தவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. அவருடைய கொடுக்கல் வாங்கலும் செல்லாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஆனால், ஒருவர் அறிவை இழந்துவிட்டார் என முடிவு செய்வது யார்? மருத்துவரிடம் காட்டும் முன்னரே வீட்டார் அம்முடிவுக்கு வருவது, அம்முதியவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

1906 ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அல்ஸைமர் எடுத்துரைத்த மறதி நோய், மூளையை ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக அழிப்பதாகும். அதனை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை. எனினும், அதே தோற்றத்தில் வந்து, சிகிச்சையால் நீங்கவோ குறையவோ கூடிய கோளாறுகள் பல உள்ளன.

தைராய்டு சுரப்பு குறைந்தால் மந்தமும் மறதியும் உண்டாகும். வைட்டமின் பி12 குறைந்தாலும் அவ்வாறே. சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு இக்குறைபாடு ஏற்படுவதுண்டு. காலம் தாழ்த்தினால் நரம்புகளின் பாதிப்பு நிலைத்துவிடும். தூக்க மாத்திரைகளும், சில சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் முதியோரின் தெளிவைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகளால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம் நேரலாம். ஆயினும், எம்மருந்தையும் நாமாகவே நிறுத்திவிடலாகாது.

ஒளுச் செய்யுமிடத்தில் வழுக்கி விழுந்தவருக்குச் சில வாரங்கள் கழித்தும் தலைக்குள் இரத்தம் கட்டி நினைவு தடுமாறலாம். கால்கள் தரையில் ஒட்டினாற்போல் நடை தளர்ந்து, சிறுநீர் அடங்காமல், மறதியும் சேர்ந்து வந்தால் மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கியிருக்கலாம். கொலம்பியா நாட்டு மருத்துவர் ஸாலமோன் ஹக்கீம் 1965 இல் இதனை விளக்கினார். அந்நீரை வடியச் செய்யும் அறுவைச் சிகிச்சையால் பலருக்கு நடை சீராகிறது.

துணையை இழந்த துயரம் மனச்சோர்வாக மாறி, மறதி நோய்போல் தோன்றுவதுண்டு. காது கேளாதவர் பொருந்தாத பதில் கூறுவதைக் கண்டு, புத்தி பேதலித்துவிட்டதென எண்ணுவோரும் உண்டு.

ஓர் அடையாளத்தை மட்டும் மனதில் நிறுத்துங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் உளறத் தொடங்கினால் அது பெரும்பாலும் அல்ஸைமர் அன்று. சிறுநீர்த் தொற்றோ, நுரையீரல் தொற்றோ, சர்க்கரை தாழ்வதோ, பக்கவாதமோ காரணமாயிருக்கலாம். முதியோருக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அல்ஸைமர் உள்ளவருக்கே நிலை திடீரென மோசமானாலும் இதுவே வழி.

செல்லும்போது, அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டு செல்லுங்கள். மறதி எப்போது தொடங்கியது, எங்கேனும் விழுந்தாரா என்பதைச் சொல்லுங்கள். இரத்தம், சிறுநீர், செவி ஆகியவற்றின் பரிசோதனையும், தேவைப்பட்டால் தலை ஸ்கேனும் செய்த பின்னரே முடிவு கூற இயலும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். "வயதானால் அப்படித்தான்" என்று கைவிடுவது தவக்குல் ஆகாது. அனைத்தும் செய்த பிறகு அது அல்ஸைமர்தான் என்று உறுதியானாலும் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. முதுமையடைந்த பெற்றோரிடம் நடந்துகொள்ளும் முறையைப் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24 ஆம் வசனங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. அவர்கள் நம்மை மறந்துவிட்டாலும் அக்கட்டளை நம்மைவிட்டு நீங்குவதில்லை.

எனவே, சட்டம் கேட்க வருமுன் மருத்துவரிடம் செல்வோமாக! நம் பெற்றோரின் கண்ணியத்தை இறுதிவரை காக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.