மினக்கெடுதல்



"எனக்கு நேரமில்லை" என்ற தொடரை ஒரு நாளில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்கின்றோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தொழிலுக்குப் போகும் தாய் சொல்லுகிறாள், தகப்பன் சொல்லுகிறான். அதில் வியப்பில்லை. ஆனால் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிப் பென்சன் பெற்று வீட்டில் இருக்கும் பெரியவரும் அதையே சொல்லுகிறார். "வேலையிலை இருக்கேக்கை எனக்கு ஓய்வு இருந்தது, பென்சன் எடுத்தாப் பிறகுதான் ஓட்டம்" என்று அவர் கூறும்போது எதிரே நிற்கும் மகளோ மருமகளோ வாய்க்குள் சிரிக்கிறாள். சில வேளைகளிற் சினக்கவும் செய்கிறாள். ஒரே தொடரை இருவர் சொல்லி, இருவரும் மற்றவரை நம்பாதிருக்கும் இந்த நிலையை, நமது வழக்கிலுள்ள சில சொற்களின் துணையோடு நோக்குவதே இன்றைய உரை.

முதலில் "மினக்கெடுதல்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வினைக்கெடு என்பதன் திரிபே மினக்கெடு என்பர். வினை கெடுதல், அதாவது செய்ய இருந்த வேலை கெட்டுப்போதல். "வழியிலை மினக்கெடாமல் வா" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தாய் சொல்வது இந்தப் பொருளில்தான். "உங்களையும் மினக்கெடுத்திப் போட்டன்" என்று விடைபெறும் விருந்தாளி கூறுவதும் இதே பொருளில்தான். ஆனால் இச்சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. "அந்த மனிசன் அவ்வளவு தூரம் மினக்கெட்டு வந்து பார்த்திட்டுப் போனது" என்று செத்த வீட்டிலோ ஆசுபத்திரிக் கட்டிலிலோ ஒருவர் சொன்னால், அங்கே குறை இல்லை, நன்றிதான் இருக்கிறது. தன் வேலை கெட்டாலும் கெடட்டும் என்று ஒருவர் நமக்காகச் செலவிட்ட பொழுது அது. தமிழகத்தார் "மெனக்கெடு" என்னும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளையே கொள்கின்றனர். பொழுதை வீணாக்குவதும் பொழுதைப் பிறருக்கு ஈவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இளைப்பாறியவர் ஒருவர் மாலையில் அயல்வீட்டுப் படலையைத் திறக்கும்போது இரண்டாம் பொருளோடு வருகிறார். அரிவாளும் கையுமாக மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும் அந்த வீட்டுக்காரிக்கு முதற்பொருள்தான் நினைவுக்கு வருகிறது.

அவளைக் குறை சொல்ல இயலாது. அவளுடைய நாளைச் சற்று அளந்து பார்ப்போம். பாடசாலை காலை 7.30 க்கு. பிள்ளையை ஏற்றும் வான் அதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னரே வாசலில் ஹோன் அடிக்கும். அதற்குமுன் இடியப்பமோ பாணோ ஏதோ ஒன்று, மத்தியானச் சோறு, காணாமற்போன காலுறையைத் தேடல். அவள் அரச ஊழியராயின் 8.30 க்குக் கைவிரலடையாள இயந்திரத்தில் விரலை வைத்தாக வேண்டும். மழை பெய்ததும் சைக்கிளுக்குக் காற்றுப் போனதும் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அலுவலகம் முடிவது 4.15 க்கு. பாடசாலையோ 1.30 க்கே விட்டுவிடும் என்பது நாம் நெடுங்காலம் பழகிய நேரசூசி. இடையிலுள்ள இரண்டேமுக்கால் மணித்தியாலம் பிள்ளை எங்கே இருப்பது? இரண்டு நேரசூசிகளையும் வகுத்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததில்லைப் போலும். வீடுகள் கண்ட விடை இரண்டு: ஒன்று ரியூசன், மற்றையது அம்மம்மா. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையாயின் இரண்டும்.

இனி இளைப்பாறியவரின் நாள். அங்கே மணிக்கூடு ஆட்சி செய்வதில்லை. "வெயில் தாழ வாறன்" என்பார். "விளக்கு வைக்கிற நேரம்" என்பார். நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை கொடுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே ஒரு சிறுபொழுது நாலு மணித்தியாலம். இளைப்பாறியவர் இந்தப் பெரிய அளவையில் வாழ்கிறார். அவர் மகள் நிமிடத்தில் வாழ்கிறாள். இதை நினைக்கும்போது எனக்கு 1996 ஆம் ஆண்டு ஞாபகம் வருகிறது. அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்ரோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் முந்திய நேரத்துக்கு மீண்டோம். இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே நடந்தது. அன்று பாடசாலை மாணவராயிருந்த எங்கள் தலைமுறைக்கு, "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்ட பின்பே எந்த ஒழுங்கையும் செய்யலாம் என்பது பழகிப்போயிற்று. இன்று ஒரே கூரையின் கீழ் இரண்டு நேரங்கள் நடக்கின்றன. அப்படிக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் மட்டும் இல்லை.

பெரியவருக்கு வேலையே இல்லையோ என்றால், அதுவும் சரியன்று. பத்தாந் திகதி பென்சன். மாதத்தில் ஒரு நாள் கிளினிக். அங்கே விடியமுன் போய் இலக்கம் எடுத்தால் மத்தியானம் மருந்தோடு திரும்பலாம். ஆண்டுக்கொரு முறை, தாம் இன்னும் உயிரோடிருப்பதைக் கிராம அலுவலர் ஊடாக உறுதிப்படுத்திப் பிரதேச செயலகத்துக்குப் பத்திரம் கொடுக்கவேண்டும். உயிரோடிருப்பதே ஓர் அலுவலாகிவிடும் பருவம் அது! செத்த வீடுகள், அந்தியேட்டிகள், கோயிற் பரிபாலன சபைக் கூட்டம் என்று பட்டியல் நீளும். இவற்றுள் ஒன்றைச் செய்தால் அன்றைய நாள் முடிந்தது. முப்பது வயதில் அரை மணியில் முடித்த காரியத்துக்கு எழுபது வயதில் ஒரு காலைப்பொழுது வேண்டும். உடம்பு தளரும்போது வேலை கூடுவதில்லை. ஒவ்வொரு வேலையும் நீளுகிறது. மகளின் கண்ணுக்குத் தெரிவது வேலைகளின் தொகை. அவர் உணர்வது அவற்றின் நீளம்.

இதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சுட்டத்தான் "சும்மா" என்ற சொல்லுக்கு வருகின்றேன். "அப்பா, நீங்கள் சும்மாதானே இருக்கிறியள், பிள்ளையை ரியூசனாலை கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்று மகள் கேட்கிறாள். அவள் வாயில் அது பாரமற்ற சொல். அவர் காதில் அது தீர்ப்பு. சைவ மரபிலே சும்மா இருத்தல் என்பது ஞானத்தின் உச்சி. தாயுமானவர் போன்றோர் அதன் அருமையைப் பாடினார்கள். அச்சொல்லே வீட்டுப் பேச்சிற் பயனற்றிருத்தலுக்குப் பெயராகிவிட்டது. முப்பத்தைந்து வருடம் "சேர்" என்று அழைக்கப்பட்ட ஒருவர் ஒரு நாளிற் "சும்மா இருப்பவர்" ஆகிவிடுகிறார்.

நானறிந்த ஓர் இளைப்பாறிய அதிபர் தமது மேசையில் எப்போதும் ஒரு நாட்குறிப்பு வைத்திருப்பார். யாருக்கு விண்ணப்பம் நிரப்புவது, எந்தக் கூட்டத்திற் பேசுவது என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத்து. ஒரு நாள் மகள் பேரப்பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னபோது, நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இண்டைக்கு எனக்கு நேரமில்லை" என்றார். அவள் அரை நாள் லீவு எடுத்துப் போய்க் கூட்டிவந்தாள். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பிற்பாடு அவர் என்னிடம் சொன்ன விளக்கம் இது: "தம்பி, பேரனைக் கூட்டிவர எனக்கு விருப்பமில்லாமலில்லை. ஆனால் என்ரை நேரம் வேலியில்லாத வளவு மாதிரிப் போச்சு. ஆரும் உள்ளுக்கை வரலாம், ஆரும் ஆடு கட்டலாம். ஒரு நாளெண்டாலும் வேலி இருக்கெண்டு காட்டவேணும் போலை இருந்தது."

"நேரமில்லை" என்று மகள் சொல்லும்போது அது மன்னிப்புக் கேட்டல். தகப்பன் சொல்லும்போது அது மானம் காத்தல் என்று எனக்குப் பட்டது அப்போதுதான். ஆகையால் யாருக்கு வேலை அதிகம் என்று மணித்தியாலக் கணக்குப் பார்ப்பதால் இந்தப் பிணக்குத் தீராது. கணக்குத்தான் வேண்டுமென்றால் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: பாரம் கூடியது தொழில்புரியும் தாய்க்குத்தான். பெரியவருடைய அலுவல்களிற் பல நாளைக்கு ஒத்திவைக்கத் தக்கவை. அவளுடையவற்றில் ஒன்றும் அப்படியில்லை. "நாங்கள் ஐஞ்சு பிள்ளையை வளர்த்தனாங்கள், இப்பிடி ஓடித் திரியேல்லை" என்ற ஒப்பீடும் நியாயமற்றது. அந்த ஐந்து பிள்ளைகளும் நடந்துபோகும் தூரத்திற் பாடசாலை இருந்தது. அடுத்த வளவில் மாமி இருந்தா. பெரும்பாலான வீடுகளில் தாய் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அந்த அடுத்த வளவை வெறுமையாக்கிவிட்டன.

ஆயினும் வேலியில்லாத வளவு என்ற அந்த அதிபரின் சொல் மிகையன்று என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டிற்று. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடெங்கும் வரிசைகள் நின்ற ஆண்டு அது. யார் போய் நிற்பது? இளையவர்கள் வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் "சும்மா" இருப்பவர் போனார். வரிசையிலேயே மயங்கி உயிர்விட்ட முதியவர்களின் செய்திகள் அவ்வாண்டு மார்ச்சிற் பத்திரிகைகளில் வந்தன. அதே ஆண்டு வேறொன்றும் நடந்தது. ஜனவரியில் 65 ஆக உயர்த்தப்பட்ட அரச சேவை ஓய்வு வயது, ஆண்டு முடிய முன்னரே மீண்டும் 60 ஆக்கப்பட்டது. அறுபதைக் கடந்தும் சேவையில் இருந்தவர்கள் டிசெம்பர் 31 இல் ஒருங்கே இளைப்பாறினார்கள். இன்னும் சில ஆண்டு அலுவலகம் என்று எண்ணியிருந்தவர்கள், அடுத்த நாட் காலையில் எங்கே போவதென்று தெரியாமல் உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றிருக்கவும் கூடும்.

இளைப்பாறியவரின் அலுவல் வெறும் பாவனை என்று எண்ணுவோர்க்கு, சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை நினைவூட்ட விரும்புகின்றேன். சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்த அவர் 1882 இல், ஐம்பது வயதில், இளைப்பாறினார். சேவையில் இருக்கும்போதே 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தவர்தான். எனினும் பொருளதிகாரம் வெளிவந்தது 1885 இல். கலித்தொகை 1887 இல். இற்றுப்போகும் ஏடுகளின் முன்னால் அமர்ந்திருந்த அவரிடம் யாராவது போய், "ஐயா, நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று சொல்லியிருந்தாற் கலித்தொகையின் கதி என்னவாகியிருக்கும்! ஆனால் இத்தகைய சான்றுகளைக் காட்டும்போது நாம் கேளாதுவிடும் கேள்வி ஒன்றுண்டு. அக்காலப் பேரறிஞர்களின் வீடுகளில் அடுப்பெரித்தவர் யார்? அவர்கள் எப்போது இளைப்பாறினார்கள்? இன்றைக்கும் இளைப்பாறிய ஆசிரியைக்கு வரும் ஓய்வு அரசாங்கம் தரும் ஓய்வு மட்டுந்தான். பென்சன் எடுத்த மறுநாளும் அவ தேங்காய் துருவுகிறா. அதற்கு மேலே பேரப்பிள்ளையின் இரண்டேமுக்கால் மணித்தியாலமும் வந்து சேருகிறது. அவவோ "எனக்கு நேரமில்லை" என்று சொல்லி நான் கேட்டதேயில்லை.

பிள்ளைகள் கடல் கடந்து போன வீடுகளில் நிலைமை இன்னொரு மாதிரி. ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்திற் பத்தரை. அங்கே கோடைக்கால மாலை ஏழு மணிக்கு, வேலையால் வந்த மகள் தொலைபேசியை அடுப்பருகில் வைத்துவிட்டுச் சமைத்தபடியே பேசுகிறாள். அவளுக்கு அது இரண்டு வேலையை ஒன்றாக முடிக்கும் சாமர்த்தியம். இங்கே அப்போது விடியற்காலை நாலரை. தகப்பன் நாலு மணிக்கே எழும்பி முகம் கழுவித் திருநீறு பூசிக் கதிரையில் இருக்கிறார். வினைமேற் சென்றவரை எதிர்நோக்கி இருப்பதை, முல்லைத் திணைக்குரிய உரிப்பொருளாக நம் இலக்கண நூலார் வைத்தனர். "இருத்தல்" என்பது அதன் பெயர். ஒன்றும் செய்யாமையை அல்ல, ஒருவருக்காகக் காத்திருத்தலை அவர்கள் அப்படிப் பெயரிட்டனர். முல்லைக்குரிய சிறுபொழுது மாலை. நம் காலத்து முல்லை வைகறைக்கு மாறியிருக்கிறது; காத்திருப்பவர் தலைவியல்லர், தகப்பன். இதை எழுதுவதற்கு நம் கவிஞர்களில் ஒருவராவது மினக்கெடலாம்.

அண்மையில் ஒன்பதாம் தர வகுப்பில் இச்சொல்லைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். "ரியூசனுக்குப் போகாமல் கிரவுண்டில் மினக்கெட்டதற்கு அம்மா ஏசினா" என்று பலரும் எழுதினர். பாட்டியோடு வளரும் மாணவன் ஒருவன், "எனக்குப் பிட்டு அவிப்பதற்காக அம்மம்மா மினக்கெட்டு எழும்புவா" என்று எழுதியிருந்தான். பக்கத்து வாங்கிலிருந்தவன் அது பிழை என்று வாதாடினான். இரண்டுக்கும் சரி போட்டுவிட்டுக் கரும்பலகையில் வினை, கெடு என்று பிரித்து எழுதத் தொடங்கினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது; அடுத்த பாடத்து ஆசிரியர் வாசலில் நின்றார்.