சுவருக்கும் ஒரு எண்

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. திருநெல்வேலி சாப்டர் மேல்நிலைப் பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். சுவருக்கு அஸ்திவாரம் சரியில்லை என்று அப்போதே செய்திகளில் வந்தது. பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

பத்தே நாளில் சென்னை திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பு ஒன்று சரிந்தது. 24 வீடுகள். விரிசலைக் கண்டு பயந்து, குடியிருந்தவர்கள் முன்னாலேயே வெளியேறியிருந்ததால் உயிர் தப்பினார்கள். அபாயத்தைக் கண்டது அங்கே குடியிருந்தவர்களின் கண்தான்.

அந்தக் கண்ணின் வேலை இப்போது பட்டியலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டு நிர்வாகமே கணினிக்கு வந்துவிட்டது. வாடகை, பராமரிப்பு, புகார் எல்லாம் ஒரே மென்பொருளில். அதில் பாதுகாப்பு ஆய்வுக்கு முதலில் வகைகள் போடச் சொல்லும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள்: மின்சாரம், தண்ணீர், தீயணைப்பு, கட்டடம், கடைசியில் ‘இதர’. ஆய்வுக்குப் போகிறவர் கையில் அந்தப் பட்டியல்தான் இருக்கும். பட்டியலில் இருப்பதைப் பார்ப்பார். இல்லாததைக் கடந்து போவார். காம்பவுண்ட் சுவர், சன்ஷேட், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கக் கழிவறை, இதெல்லாம் பெரும்பாலும் எந்த வகையிலும் சேராது.

நம் பட்டியல்கள் எலக்ட்ரீஷியன், பிளம்பர், கொத்தனார் என்று ரிப்பேருக்கு வரும் ஆளை வைத்துப் பிரிக்கப்பட்டவை. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தையொட்டி வந்த முறையில் 29 அபாயங்களை வகுத்தார்கள். ஈரமும் பூஞ்சையும், கடுங்குளிர், படியில் விழுவது என்று, குடியிருப்பவருக்கு என்ன கெடுதல் வரும் என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு அந்த வழிதான் சரியென்று படுகிறது. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கடுங்குளிருக்கு ஒரு கட்டம் சும்மா கிடக்கும். தாமிரபரணி வெள்ளத்துக்குக் கட்டமே இருக்காது!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் ஊறிய மண்சுவர் தண்ணீர் வடிந்த பிறகும் விழும். மூழ்கிய சுவிட்ச் பாக்ஸ் வெளியே காய்ந்த மாதிரித் தெரியும். உள்ளே சேறு இருக்கும். ஆகவே, ஆற்றோரத்து வீடுகளுக்கு ‘வெள்ளத்துக்குப் பின்’ என்று தனி வகையே வேண்டும். அதில் மெயின் சுவிட்ச், கிணறு, செப்டிக் டேங்க், சுவரின் அடிப்பகுதி நான்கும் கட்டாயம் இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்தில் உண்டு. கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களின் அக்கிரகாரத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கும். இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். மென்பொருளிலோ எல்லாப் பதிவும் கதவு எண்ணில்தான் தொங்கும். இந்த வீட்டுக்காரர் விரிசலைப் பதிந்து தன் பக்கம் பூசி, ‘முடிந்தது’ என்று மூடிவிடுவார். அந்தப் பக்கம் காரை உதிர்ந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரே வழி, சுவருக்கே தனி எண் கொடுத்து இரண்டு கதவு எண்களோடும் இணைப்பது. இரண்டு வீட்டிலிருந்தும் படம் வந்தால்தான் பதிவை மூடட்டும். காம்பவுண்ட் சுவருக்கும் இதே வழிதான்.

மதிப்பிடும்போது நன்று, சுமார், மோசம் என்று மட்டும் போட்டால் போதாது. ‘சுமார்’ என்று குறித்த சன்ஷேட்டில் கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் அதன் கீழே ஆள் நிற்கக் கூடாது. பழுது எவ்வளவு என்பது ஒரு கட்டம், அதன் கீழ் யார் நடமாடுகிறார்கள் என்பது இன்னொரு கட்டம். பொறுப்பாளர் பெயரும் தேதியும் இல்லாமல் பதிவை ஏற்காதபடி அமைக்கலாம். அந்த வசதி இருக்கிறதா என்று மென்பொருள் வாங்கும்போதே கேளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சுற்று ஆய்வு முடிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த ‘இதர’வைத் திறந்து படியுங்கள். ஒரே மாதிரிப் புகார் இரண்டு மூன்று அங்கே கிடந்தால், அதற்கு ஒரு பெயர் வைத்துத் தனி வகையாக்கிவிடுங்கள்.