விபத்தைத் தடுத்துவிட்டால், பயணம் எதற்கு?

இன்றைக்கு டைம் டிராவல் கதைகளில் வரும் முரண்களைப் பற்றிப் பேசலாம்.

‘தாத்தா முரண்’ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தன் பின்னோக்கிப் போய், கல்யாணம் ஆவதற்கு முன்பே தன் தாத்தாவைக் கொன்னுடுறான். அப்படின்னா அவன் பிறந்திருக்கவே மாட்டான். பிறக்காதவன் எப்படிப் போய்க் கொன்னான்?

கேட்க நல்லா இருக்கு. ஆனா தாத்தாவைக் கொல்ல யாருக்குங்க ஆசை? டைம் மெஷின் கிடைச்சா நாம கேட்கிறது வேற. சிவகாசி, சாத்தூர் பக்கம் போய்ப் பாருங்க. “அன்னைக்கு மட்டும் வேலைக்குப் போகாம இருந்திருந்தா...” என்ற பேச்சு பல வீடுகளில் பாதியிலேயே நிற்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு.

அப்படி ஒரு விபத்தில் அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பையனைக் கற்பனையா வச்சுக்குவோம். அவன் பின்னோக்கிப் போய், அன்று காலையிலேயே எல்லாரையும் வெளியேற்றிவிடுகிறான். யாரும் சாகலை. சரி, அப்போ அவன் எதுக்குக் கிளம்பினான்? நடக்காத விபத்தைத் தடுக்க யாரும் கிளம்பமாட்டாங்களே. அவன் கிளம்பலைன்னா தடுக்க ஆள் இல்லை. மறுபடியும் விபத்து! தாத்தா முரணை விட இது கஷ்டமான சிக்கல். ஏன்னா இங்கே அழிவது பயணி இல்லை, பயணத்தின் காரணம்.

இதை அவிழ்க்கக் கதாசிரியர்கள் பொதுவா மூணு வழி வச்சிருக்காங்க.

ஒண்ணு, நடந்ததை மாற்றவே முடியாது. ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் 1980-களில் முன்வைத்த கருத்து இது. பையன் போகலாம், கத்தலாம். ஆனா அவன் போட்ட கூச்சலும் ஏற்கெனவே அந்த நாளில் அடக்கம். ஒருவேளை அந்தக் கூச்சல் கேட்டுத்தான் அம்மா யாரையோ காப்பாத்த உள்ளே ஓடியிருப்பாங்க. தர்க்கம் கச்சிதம், மனசுதான் தாங்காது.

ரெண்டாவது, காலம் கிளை பிரியும். புதுக் கிளையில் அம்மா உயிரோட இருப்பாங்க. ஆனா அவங்க வேறொரு பையனோட அம்மா. இவன் வீட்டுச் சுவரில் அதே மாலை போட்ட படம்தான்.

மூணாவது, பழையது அழிஞ்சு புதுசு எழுதப்படும். நம்ம தமிழ் சினிமாவுக்குப் பிடிச்ச வழி இது. ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’யில் (2015) சாகவேண்டிய ரவுடி, நாயகர்களின் குறுக்கீட்டால் பிழைச்சுடுறான். மிச்சப் படம் அதைச் சரிசெய்ய ஓடுற ஓட்டம். ‘மார்க் ஆண்டனி’யில் (2023) ஆள் போறதில்லை, போன் மட்டும் போகும்; அதுவும் ஒரு தேதிக்கு ஒரு தடவைதான். வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) நம்ம சிக்கலையே நேரா தொடுது. அங்கே நாள் அழிஞ்சு மறுபடி தொடங்கினாலும் நாயகனின் ஞாபகம் அழியாது. ஞாபகம் இருக்கிற வரைக்கும் காரணமும் இருக்கும் இல்லையா? அதனால அவன் மறுபடி மறுபடி முயற்சி பண்றது நமக்கு நியாயமா படுது.

எந்த வழியை எடுத்தாலும் பார்க்கிறவங்க ஏத்துக்குவாங்க. முதல் பாதியில் சொன்ன விதியை கிளைமாக்ஸில் மீறினாத்தான் கோபம் வரும்.

கடைசியா ஒண்ணு. ஒரு டைம் டிராவலர் உண்மையில் எடுத்துட்டுப் போறது என்ன? ‘இப்படிச் செஞ்சா இது வெடிக்கும்’ என்ற முன்தகவல், அவ்வளவுதான். மருந்தில் உராய்வு, ஓர் அறையில் அளவுக்கு மீறின ஆள், அளவுக்கு மீறின சரக்கு. இதெல்லாம் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாம கேட்கிற காரணங்கள். சிவகாசி அடுத்த வருஷத்துக் காலண்டரை ஆடிப்பெருக்கு அன்னைக்கே அச்சடிச்சுக் காட்டுற ஊர். அந்தக் காலண்டரில் இன்னும் நடக்காத ஒரு காலை வேலைநேரம் இருக்கு. அதைப் பொறுத்தவரை நாம எல்லாருமே தகவலோட முன்கூட்டியே வந்து இறங்கின பயணிகள்தான். அங்கே முரணும் கிடையாது, மெஷினும் தேவையில்லை.

உங்களுக்குப் பிடிச்ச டைம் டிராவல் கதையில் கிளம்பின காரணம் கடைசியில் என்ன ஆகுது? யோசிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.