கண்ணுக்குத் தெளிவு, படத்தில் மங்கல்



நம்ம குன்னத்தூர்ப் பக்கம் பனியன் சாம்பிளைப் படமெடுக்கும் தம்பிகள் சிலர், அப்பா காலத்து 50 மி.மீ., எஃப் 1.4 மேனுவல் லென்ஸை டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் மாட்டுகிறார்கள். ஃபோகஸ் தப்பினால் தையல் தெரியாது. ஆர்டர் தருபவர் துணியையே சந்தேகப்படுவார்.

லென்ஸை முழுசாகத் திறந்தால், ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவு 2, 3 செ.மீ.தான். ஆட்டோஃபோகஸ் கேமராவின் வ்யூஃபைண்டர் திரையோ வெளிச்சத்துக்காகச் செய்தது. ஏறக்குறைய எஃப் 2.8 அளவுத் தெளிவைத்தான் காட்டும். பழைய ஃபிலிம் கேமராவில் இருந்த, பிம்பத்தை இரண்டாகப் பிளந்து காட்டும் வட்டமும் அதில் இல்லை. கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லீங்க.

கேமராவை ஸ்டாண்டில் வைங்க. லைவ் வ்யூவில் பத்து மடங்கு பெரிசாக்கி, நூலிழையைப் பார்த்து ஃபோகஸ் பண்ணுங்க. அங்கே சென்சார் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். அளக்கிற இடத்தில் அளந்தால்தான் அளவு சரி. லேபில் படித்ததும் அதுதானே!