இரண்டாம் நாயனம் வாசித்தவர்



நம் பொருநை நாட்டுக் காருகுறிச்சியில் 1921ஆம் ஆண்டு பிறந்தவர் நாதசுரக் கலைஞர் அருணாசலம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையிடம் மாணவராகிப் பல்லாண்டுகள் அவருக்கு இரண்டாம் நாயனம் வாசித்தார். குரு ஊதியதைக் காதில் வாங்கி, மறுகணம் தம் மூச்சில் திருப்பித் தரவேண்டும். அதுவே அவருடைய பள்ளிக்கூடம்.

1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி இராகத்தில் அவரது நாயனம் இணைந்தது. குரல் முடிவதும் குழல் தொடங்குவதும் பிரித்தறிய இயலாத இணைப்பு அது. 1964இல் அவர் மறைந்தார். அந்த மூச்சு இன்றும் ஒலிக்கிறது.

கற்பதற்காக ஒருவர் அருகில் நிற்பது வேறு. பிறப்பைக் காட்டி ஒருவரைப் பின்னே நிறுத்துவது வேறு. முன்னது கல்வி, பின்னது கொடுமை. நம் முன்னோர் கட்டாயத்தின் பேரில் பறை முழக்க நேர்ந்தது. அதனால் நம்மில் சிலர் பறையைத் தொடவே கூசுகின்றனர். இழிவு பறையில் இல்லை, கட்டாயத்திலேயே இருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் துயரில் பிறந்த இசையைப் பித்தளைக் குழல்களில் ஊதி உலகையே செவிசாய்க்க வைத்தனர்.

இளைஞர்களே! கட்டாயத்தை மறுங்கள், கலையை மறவாதீர்கள். ஏடாயினும் இசையாயினும் தக்க ஆசிரியரை நாடி, முழுமையாகக் கற்றுத் தேறுங்கள்.