குஸ்கோவில் ஒரு சொல்



பெரு நாட்டின் குஸ்கோ நகரில் நான் சிலகாலம் தங்கியிருந்தபோது, தமிழாசிரியரான நண்பர் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். அந்தீஸ் மலைகளில், சுமார் 3400 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். முதல்நாள் பத்தடி வைக்குமுன் அவருக்கு மூச்சு வாங்கியது. கொக்கா இலைத் தேநீர் கொடுத்துப் படுக்கவைத்தேன்.

மறுநாள் இன்காக்களின் கற்சுவர்களைக் காட்டினேன். சாந்தில்லாமல் பொருத்திய கற்கள். சூரியன் கோயிலின்மீது ஸ்பானியர் எழுப்பிய தேவாலயம் 1950ஆம் ஆண்டு பூமியதிர்ச்சியில் சிதைந்தபோது, அடியிலிருந்த இன்காச் சுவர்கள் அசையாமல் வெளிப்பட்டன.

"கல் தப்பியது சரி. எழுத்தில்லாத சனங்களின் கதையை ஆர் காப்பாற்றினது காணும்?" என்றார் நண்பர்.

அவரைக் கார்சிலாசோவின் வீட்டுக்குக் கூட்டிச்சென்றேன். இப்போது அது நூதனசாலை. இன்கா இளவரசிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் 1539இல் இந்நகரில் பிறந்தவர் கார்சிலாசோ. தாய்வழி உறவினர் வாயிலாக முன்னோர் கதைகளைக் கேட்டு வளர்ந்தார். 1560இல் ஸ்பெயினுக்குப் போனவர் திரும்பவேயில்லை. முதுமையில், நினைவிலிருந்தவற்றையும் திரட்டி எழுதிய இன்கா வரலாறு 1609இல் லிஸ்பனில் அச்சாகியது.

"வென்றவன் பாஷையிலா எழுதினார்?" நண்பருக்கு அது பிடிக்கவில்லை.

நான் 'வாக்கா' என்ற கெச்சுவாச் சொல்லைப் பற்றிச் சொன்னேன். கடைசி அசையை மேலண்ணத்தில் ஒலித்தால் தெய்வத்தன்மை உள்ள பொருள். அடித்தொண்டையில் ஒலித்தால் அழுதல். இந்த வேறுபாடு செவிப்படாத ஸ்பானியர், இம்மக்கள் அழுதுகொண்டே கோயிலுக்குள் போவார்கள் என்று எழுதிவைத்தார்கள். கார்சிலாசோ இதை எடுத்துக்காட்டித் திருத்துகிறார். அவர்கள் பாஷையில் எழுதாவிட்டால் அவர்களை எப்படித் திருத்துவது?

நண்பர் சிரித்துவிட்டார். "பிள்ளைகள் கிளியைக் கிழியாக்குவதைத் திருத்தியே என் காலம் போயிற்று."

இரண்டாம் துப்பாக் அமாருவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, 1781இல் இந்நகரின் சதுக்கத்திலேயே அவர் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஸ்பானிய அரசு அந்நூலைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. அச்சாகி 170 ஆண்டுகளுக்கு மேலான ஒரு புத்தகத்துக்கு அவ்வளவு பயம்!

1616இல் கோர்தோபாவில் இறந்த அவருடைய சாம்பலில் ஒரு பகுதியை 1978இல் ஸ்பானிய மன்னர் குஸ்கோவுக்குக் கையளித்தார். பேராலயத்தை ஒட்டிய திரியும்போ தேவாலயத்தில் அது இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுப் படிகளில் இளைப்பாறினோம். நண்பர் 'வாக்கா', 'வாக்கா' என்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் கம்பளித் தொப்பி விற்றுக்கொண்டிருந்த கிழவி வாய்பொத்திச் சிரித்தாள். பிறகு அந்தச் சொல்லைத் தானே, மெதுவாக, அவருக்குச் சொல்லிக்காட்டினாள்.